ஜீவனாம்சமும் மதாஉவும்

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 241ஆம் வசனத்தில் வருகின்ற சிறு சொல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். ‘மதாஉ’ என்பது அச்சொல். மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கு முறைப்படி மதாஉ உண்டு என்றும், அது இறையச்சமுடையோர்மீது கடமை என்றும் அவ்வசனம் கருத்துரைக்கிறது. ஓர் அரபுச் சொல் இந்திய நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் மேடைகளிலும் இத்துணை அலைக்கழிக்கப்பட்டது வேறெப்போதும் இல்லை என்றே தோன்றுகிறது. அலைக்கழிக்கப்பட்டது சொல் மட்டுமா என்பதையும் பார்க்கத்தான் போகிறோம்.

முதலில் நம் தமிழ் வழக்கைக் கவனிப்போம். விலக்கப்பட்ட மனைவிக்குக் கணவன் தரவேண்டிய தொகையை நீதிமன்றத் தமிழ் ‘ஜீவனாம்சம்’ என்கிறது. நம் வீட்டுப் பெண்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். வாழ்வதற்கான பங்கு என்பது இதன் நேர்ப்பொருள். கூட்டுக் குடும்பச் சொத்தில் பாகம் பிரித்துக் கேட்கும் உரிமை இல்லாதிருந்த கைம்பெண்ணுக்கு, அந்தக் குடும்பம் உயிர் தரித்திருப்பதற்கு மட்டுமாக அளந்து கொடுத்ததைக் குறித்த சொல் இது. பங்காளியாக இல்லாதவளுக்குப் பரிவோடு ஒதுக்கிய படி என்னும் சாயல் அதில் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதாஉ அத்தகையதன்று. பயன் துய்ப்பதற்குரிய பொருள், கையில் கொடுத்தனுப்பும் பொருள் என்னும் கருத்துகளைத் தன்னுள் கொண்டது. வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், கைச்சுருக்கம் உள்ளவன் தன் நிலைக்கேற்பவும் கொடுக்கட்டும் என்று அதே அத்தியாயத்தின் 236ஆம் வசனம் அளவுகோலையும் காட்டிவிடுகிறது. ஒரு சொல்லில் இரக்கம் முன்னிற்கிறது. மற்றொன்றில் கண்ணியம் முன்னிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று கொண்டதில் தொடங்கியதே பின்வந்த குழப்பம்.

வழக்கின் கதை பலரும் அறிந்ததுதான். எனினும் அதன் எண்களை நாம் மறந்துவிட்டோம். இந்தூர் நகரத்து வழக்கறிஞர் ஒருவருக்கு 1932ஆம் ஆண்டில் வாழ்க்கைப்பட்ட ஷா பானு அம்மையார், ஐந்து மக்களைப் பெற்று வளர்த்தபின், 1975இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். நாற்பத்து மூன்று ஆண்டு இல்லறம்! 1978 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் கேட்டு நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அனுமதித்த உச்ச அளவும் அதுதான். மனு நிலுவையில் இருக்கையிலேயே, அவ்வாண்டு நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். மஹர்த் தொகை 3000 ரூபாயை நீதிமன்றத்தில் கட்டினார். இத்தாக் காலம் முடிந்தது, இனித் தம் பொறுப்பில் எதுவுமில்லை என்றார். நடுவர் விதித்த தொகை மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதனை 1980இல் 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. இந்தத் தொகையை எதிர்த்துத்தான் கணவர் உச்சநீதிமன்றம் சென்றார். ஒரு சமுதாயமே கொந்தளித்து எழுந்ததற்கு அடியில் கிடந்தது 179 ரூபாய் 20 காசு என்பதை நம் வாசகப் பெருமக்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

1985 ஏப்ரல் 23இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஒரு நூலைப் படிப்பதுபோல் படித்தால், அதனுள் இரண்டு குரல்கள் கேட்பதை உணரலாம். ஒன்று சட்டத்தின் குரல். மஹர் என்பது மணவிலக்கிற்காகக் கொடுக்கும் தொகையன்று, திருமணத்தின்போது மனைவிக்குச் செய்யும் மரியாதையின் அடையாளம்; ஆகவே அதைக் கொடுத்துவிட்டதாலேயே கணவன் விடுபட்டுவிடமாட்டான் என்று அக்குரல் சொன்னது. இது முற்றிலும் சரியான கூற்று. உண்மையில் நம்மவர் எழுதியிருக்கவேண்டிய வாக்கியம் அது. நம்மில் எத்தனை பேர் மஹரை ஏதோ தலாக்கின் விலைபோல் இன்றும் பேசித் திரிகிறோம்!

மற்றொன்று மேடைக் குரல். தீர்ப்பின் முகப்பிலேயே, பெண்ணைத் தாழ்த்துவதுதான் இஸ்லாத்தின் குறை என்று கூறப்படும் ஒரு பழிச்சொல், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவரின் நூலிலிருந்து எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. மனுநீதியும் உடன் வைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஒரு முதியவளின் உணவுச் செலவைப் பற்றிய வழக்கில் அந்த முகவுரைக்கு யாதொரு தேவையும் இல்லை. முடிவுரையில் பொது உரிமையியல் சட்டத்தைப் பற்றிய அறிவுரை வேறு. நடுவிலோ, அப்துல்லாஹ் யூசுஃப் அலியின் ஆங்கில மொழியாக்கம் முதலானவற்றைக் கொண்டு மதாஉவுக்குப் பராமரிப்பு என்று பொருள் காண முயன்றிருக்கிறார்கள். மொழியாக்கத்தை நம்பி மூலத்திற்குப் பொருள் சொல்வது எவ்வளவு வழுக்கலான தரை என்பதை இலக்கியம் பயில்வோர் அறிவர். நஃபக்கா என்பது மாதந்தோறும் நடக்கின்ற பராமரிப்பு. மதாஉ என்பது பிரியும்போது கொடுத்தனுப்பும் பொருள். இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டிய நம் உலமாப் பெருமக்கள் அந்த அளவில் சரியாகவே பேசினார்கள்.

ஆனால் அந்த அளவோடு நின்றார்கள் என்பதுதான் நாம் வைக்கும் குற்றச்சாட்டு. மதாஉ நஃபக்கா அன்று என்று நிறுவியவர்கள், அப்படியானால் மதாஉ என்பது எது, எவ்வளவு, யார் கொடுப்பது என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. 1985, 86ஆம் ஆண்டுகளில் தெருத்தோறும் கூட்டங்கள் நடந்தன. ஷரீஅத்தைக் காப்போம் என்ற முழக்கத்தில் நாமும் குரல் சேர்த்தோம், அதில் வெட்கமில்லை. இருப்பினும் அந்தக் கூட்டங்களில் மதாஉவின் அளவைப் பற்றி ஒரு சொற்பொழிவைக் கேட்ட நினைவு நமக்கில்லை. அம்மையாரோ 1985 நவம்பரில் அத்தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லை என்று அறிக்கை வெளியிட்டார். வென்ற வழக்கையும் விட்டுக்கொடுக்கும்படி ஒரு கிழவியைச் சூழ்நிலை நெருக்கியதே, அவருக்கு மாற்றாக நாம் எதைக் கொடுத்தோம்?

கிதாபுகளில் விடை இல்லாமலில்லை. ஹனஃபி மத்ஹபில், மஹர் குறிக்கப்படாமல் மணமுடித்து, இல்லறம் தொடங்குமுன்னரே விலக்கப்பட்டவளுக்கு மட்டுமே இது கட்டாயம். பிறருக்குக் கொடுப்பது விரும்பத்தக்கது. ஷாஃபி மத்ஹபின் நிலையோ வேறு. இல்லறம் நடத்திய மனைவிக்கும், பிரிவு அவளால் நேர்ந்ததாக இல்லாவிடில், முத்ஆ கொடுப்பது கணவன்மீது வாஜிபு. (மதாஉ என்பதையே ஃபிக்ஹு நூல்கள் முத்ஆ என்று வழங்கும். தவணைத் திருமணத்திற்கும் அதே பெயர் இருப்பதால் பாமரர் மயங்குவதுண்டு. அது வேறு, இது வேறு.) இமாம் நவவியின் மின்ஹாஜில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. முப்பது திர்ஹத்திற்குக் குறையாமல் கொடுப்பது விரும்பத்தக்கது என்றும், இருவரும் ஒத்துப்போகாவிட்டால் காஜி இருவர் நிலையையும் சீர்தூக்கித் தம் கருத்தின்படி அளவை முடிவு செய்வார் என்றும் அங்கே காண்கிறோம். நமக்கு மிக அண்மையிலுள்ள பொன்னானியில் ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஃபத்ஹுல் முயீனும் இதையே கூறும். விலக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் இது உரியது என்பதே தபரீயின் முடிவு. இமாம் ஹஸன் (ரலி) அவர்கள் தாம் விலக்கிய மனைவிக்குப் பதினாயிரம் திர்ஹம் கொடுத்தனுப்பினார்கள் என்ற செய்தியை இப்னு கஸீரின் தஃப்சீரில் படிக்கிறோம்.

தமிழகத்துக் கடற்கரை ஊர்கள் பலவும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. அவ்வூர்களின் மதரஸாக்களில் இந்தக் கிதாபுகளைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தலாக் பஞ்சாயத்தில் முத்ஆ என்ற பேச்சு எழாமற்போனது எப்படி? பல்லாண்டுகளுக்கு முன் அத்தகைய ஊரொன்றில் அப்படியொரு கூட்டத்தில் அமரும்படி நமக்கு நேர்ந்தது. பெண் வீட்டார் கொடுத்த நகைகள் எடை போடப்பட்டுத் திரும்பின. பண்டபாத்திரங்களுக்குப் பட்டியல் வாசிக்கப்பட்டது. இத்தாச் செலவு மூன்று மாதத்திற்கு இவ்வளவு என்று பேரம் நடந்து, இறுதியில் ஒரு தொகை முடிவாயிற்று. ‘இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்று தாளில் எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திட்டார்கள். எழுந்து வரும்போது, ஓதிக் கொடுத்து நரைத்துப்போன பெரியவர் ஒருவரிடம் மெல்லக் கேட்டோம்: ‘ஆலிம்சா, முத்ஆ கிதாபிலே இருக்கிறதே?’ அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘இருக்கு தம்பி, யாரும் கேக்கலே’ என்றார்.

கேட்கவேண்டியவர்கள் அந்த அவையில் இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். திரைக்குப் பின்னால் இருந்தார்கள். கிதாபில் இன்னது இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொரு விந்தையும் உண்டு. திரும்ப அழைத்துக்கொள்ள இயலாதபடி முற்றாக விலக்கப்பட்டவள் கருவுற்றிராவிட்டால், இத்தாவில் அவளுக்கு இருப்பிடம் மட்டுமே உண்டு, நஃபக்கா இல்லை என்பது ஷாஃபி மத்ஹபு. ஹனஃபி மத்ஹபிலோ இரண்டும் உண்டு. ஆக, ஒரு மத்ஹபு இத்தாவில் தாராளம் காட்டுகிறது. மற்றொன்று முத்ஆவில் தாராளம் காட்டுகிறது. நடைமுறையில் நம் பெண்களின் கைக்கு வந்து சேர்வது எந்த ஊரிலும் இரண்டில் சிறியதுதான்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கே வீடு என்னும் வழக்கம் இருப்பதால், அங்கே விலக்கப்பட்டவள் தெருவில் நிற்பதில்லை, கணவன்தான் வெளியேறுகிறான். நம் முன்னோரின் அறிவுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆனாலும் கூரை இருந்தால் போதுமா? அடுப்பு எரியவேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். மற்ற ஊர்களில் அக்கூரையும் இல்லை. மஹரோ நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று எழுதப்படுவதும், கைக்கூலி இலட்சத்தில் வாங்கப்படுவதும் நம் கண்முன் நடப்பவை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1986 மே மாதம் மணவிலக்கான முஸ்லிம் பெண்களின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஷா பானு தீர்ப்பைச் செல்லாததாக்கவே அது இயற்றப்பட்டது என்று ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒருங்கே நம்பினார்கள். அதன் மூன்றாம் பிரிவை ஊன்றிப் படித்தவர்கள் சிலரே. நியாயமான ஏற்பாடும் பராமரிப்பும் இத்தாக் காலத்திற்குள் செய்யப்படவும் கொடுக்கப்படவும் வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். ‘காலத்திற்குக் கொடு’ என்பதும் ‘காலத்திற்குள் கொடு’ என்பதும் ஒன்றா? முன்னது மூன்று மாதச் செலவு, பின்னது கெடு. கெடுவுக்குள் கொடுக்கவேண்டியது அவளது எதிர்காலத்திற்கான ஏற்பாடாகவும் இருக்கலாம். ஷா பானு அம்மையாருக்காக வாதாடிய வழக்கறிஞர் டேனியல் லத்தீஃபி இச்சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2001 செப்டம்பர் 28இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சட்டம் செல்லும் என்றது. கூடவே, இத்தாவுக்குப் பிற்பட்ட வாழ்வுக்குமான நியாயமான ஏற்பாட்டைக் கணவன் இத்தாக் காலத்திற்குள்ளேயே செய்துவிடவேண்டும் என்றும் பொருள் கண்டது. ஒற்றை உருபு செய்த வேலை இது! எழுத்தெண்ணிப் படிக்கும் உரையாசிரியர் மரபில் வந்த தமிழர்க்கு இவ்வுரை வியப்பளிக்காது.

மேலும் கருதுங்கால், அந்த உரை மதாஉவின் அருகே வந்து நிற்கிறது. மாதப்படி என்று நீளாமல், பிரியும் வேளையில் ஒரே தடவையாக, கணவனின் வசதியறிந்து கொடுத்தனுப்புவது என்பதுதானே கிதாபுகள் சொன்னதும்? வேண்டாவெறுப்பாக எழுதப்பட்ட ஒரு சட்டம், வேறு சமயத்து நீதிபதிகள் பெரும்பான்மையினராக இருந்த ஒரு மன்றத்தின் வழியாக, நம் காஜிமார் செய்யாமல் விட்டதைச் செய்ய முற்பட்டது. இது நமக்குப் பெருமையா சிறுமையா என்று துணிந்து கூற இயலவில்லை.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவைப் பற்றி அதே நல்ல சொல் சொல்வதற்கில்லை. இத்தாவுக்குப் பின்னும் தன்னைத் தான் காத்துக்கொள்ள முடியாத பெண்ணை அவளுடைய மக்களும், பெற்றோரும், அவளுக்கு வாரிசாகக் கூடிய உறவினரும் அவரவர் பங்கின்படி தாங்கவேண்டும். அவர்களாலும் இயலாதபோது மாநில வக்ஃபு வாரியம் தாங்கவேண்டும் என்கிறது அது. ஏட்டில் அழகான ஏற்பாடு. ஆனால் எந்தத் தங்கை தன் காக்காமீது வழக்குத் தொடுப்பாள்? நாளை தன் மகளுக்கு முன்னின்று நிக்காஹ் நடத்தவேண்டிய தாய்மாமனை நீதிமன்றக் கூண்டில் ஏற்ற எந்தத் தாய் துணிவாள்? வக்ஃபு வாரியத்தின் பங்கைப் பற்றிய வழக்கு ஒன்று நம் தமிழகத்திலிருந்தே எழுந்தது. உறவினர் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்த பிறகே வாரியத்திடம் வரவேண்டும் என்ற வாதத்துடன் தமிழ்நாடு வக்ஃபு வாரியம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. உறவினர் வசதியற்றவர் என்பதை எடுத்துக்காட்டிப் பெண் நேரடியாகவே வாரியத்திடம் கேட்கலாம் என்று 1996இல் அம்மன்றம் கூறிவிட்டது. ‘நம் பெண்களை நம் வக்ஃபு காக்கும்’ என்று 1986இல் நாம் எழுப்பிய குரலுக்குப் பத்தாண்டு கழித்து வந்த எதிரொலி இதுவாயிற்று.

அண்மைக் காலச் செய்திக்கு வருவோம். தெலங்கானாவில் ஒரு குடும்ப நீதிமன்றம் மணவிலக்கான பெண்ணுக்கு மாதம் 20,000 ரூபாய் இடைக்காலப் பராமரிப்பாக விதித்தது. உயர்நீதிமன்றம் அதை 10,000 ஆகக் குறைத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கையில் 125ஆம் பிரிவின்படி மனுச் செய்யவே முடியாது என்று கணவர் வாதிட்டார். 2024 ஜூலை 10இல் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு அவ்வாதத்தைத் தள்ளியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சட்டத்திற்குக் கூடுதலாக வந்ததே தவிர அதை ஒழிக்க வந்ததன்று; இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ தேர்வது பெண்ணின் விருப்பம் என்பது அத்தீர்ப்பு. அம்மாதம் முதல் நாளிலிருந்து 125ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகப் பெயர் மாறியிருக்கிறது. 500 ரூபாய் என்ற பழைய உச்சவரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீங்கிவிட்டது. இருவரும் தத்தம் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படவேண்டும் என்று 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நெறி வகுத்துள்ளது. பிள்ளைகளின் செலவோ முற்றிலும் தனி. தாய்க்கு இத்தாத் தொகை கொடுத்துவிட்டோம் என்று கூறித் தந்தை அதிலிருந்து நழுவ முடியாது என்பது 1997இலேயே முடிந்துபோன செய்தி. இவற்றை அறிந்துவைத்துக்கொள்வது மார்க்கத்திற்கு மாறு என்று எவரேனும் நம் பெண்களிடம் சொன்னால், எந்தக் கிதாபில் அப்படியிருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனாலும் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பை வரவேற்போரோடு முழுதும் உடன்பட நமக்கு மனம் வரவில்லை. நீதிமன்றப் படிக்கட்டில் மாதாமாதம் ஏறி நின்று, நிலுவைக்கு மீண்டும் மனுச் செய்து, தன்னை வேண்டாமென்று சொன்னவனின் வாசலையே ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது எந்தப் பெண்ணுக்கும் உகந்ததாக இராது. ஒரே தடவையில் கொடுத்து அனுப்பு என்னும் மதாஉவின் முறையில், அவள் அந்தக் கதவை அடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எகிப்து நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியின் இசைவின்றியும் அவள் குற்றமின்றியும் விலக்கினால் இரண்டாண்டு நஃபக்காவுக்குக் குறையாத முத்ஆ கொடுக்கவேண்டும் என்று விதித்தது. மலேசியாவின் கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும், சிங்கப்பூர் ஷரீஅத் நீதிமன்றத்திலும் முத்ஆ கேட்டுப் பெறும் வழி உண்டு. அவ்விரு நாடுகளிலும் ஷாஃபி மத்ஹபே பெருவழக்கு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய நம்மூர்க் குடும்பங்களில், அங்கே வாழும் பெண் கேட்டுப் பெறுவதை, நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ இருக்கும் அவளுடைய சின்னம்மா மகள் கேள்விப்பட்டதுகூட இல்லை. மத்ஹபும் ஒன்று, கிதாபும் ஒன்று. இடையே ஒரு கடல்தான்.

மேற்சொன்ன கூட்டத்தில் எழுதிய தாளின் படி ஒன்று நெடுநாள் நம்மிடம் இருந்தது. நகை, பாத்திரம், இத்தாச் செலவு என்று மூன்று இனங்கள், கீழே கையெழுத்துகள். மூன்றாம் இனத்திற்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார் எழுதியவர். இன்னும் ஓர் இனத்தை எழுதுவதற்கு அங்கே இடமிருந்தது.